சோல் 45 தட்டுகளில் இருந்து சி-90 மிக்ஸ்டேப்: கிரிட் நிற்கவில்லை, ஃபேட்-அவுட் விடவில்லை

#1 | சுழல்தட்டு

வணக்கம் மக்களே. 1964 முதல் 1973 வரை வெளிவந்த சோல் (அமெரிக்கக் கறுப்பின இசை வகை) சிங்கிள்களை மட்டும் வைத்து ஒரு சி-90 கேசட் (பக்கத்துக்கு 45 நிமிடம்) போட வேண்டும். டெட்ராய்ட், மெம்ஃபிஸ், அலபாமா, ஃபிலடெல்ஃபியா என்று நாலு இடத்துச் சத்தமும் அதில் இருக்க வேண்டும். கையில் இருப்பதில் பாதி 45 ஆர்பிஎம் தட்டுகள், பாதி சிடியில் இருந்து எடுத்த ஃபைல்கள். கம்ப்யூட்டரில் மிக்ஸைக் கட்டி முடித்து, ஒரே ஓட்டமாக டெக்கில் ஏற்றுவதாகத் திட்டம்.

மென்பொருள் போடும் பீட்கிரிட் (அடி விழும் இடங்களுக்கான கட்டக்குறி) முதல் வெர்ஸுக்குச் சரியாக இருக்கிறது, கோரஸ் வருவதற்குள் நழுவிவிடுகிறது. ஹவுஸ் நடனப் பாட்டு போல 32 பார் (நாலு அடி ஒரு பார்) கலக்கலாம் என்றால் பாட்டே இரண்டரை நிமிடம்தான். அதிலும் கடைசி 15 விநாடி சத்தம் கரைந்துபோகும் ஃபேட்-அவுட். சத்த அளவும் பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்குகிறது. எதில் இருந்து ஆரம்பிப்பது?

#2 | மெம்ஃபிஸ்_தாளம்

கிரிட் நழுவுவது மென்பொருளின் குற்றம் இல்லை தோழர். அந்தப் பதிவுகளில் கிளிக் (வேகத்தைப் பிடித்துவைக்கும் மெட்ரோனோம்) கிடையாது. ட்ரம்மர் கோரஸில் கொஞ்சம் முன்னே தள்ளுவார், வெர்ஸுக்குத் திரும்பும்போது இழுத்துப் பிடிப்பார். ஒரே பாட்டுக்குள் இரண்டு பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) ஏறி இறங்குவது சர்வ சாதாரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாட்டு 104 பிபிஎம், இன்னொன்று 104.5. ஓர் அடிக்கு 2.8 மில்லிசெகண்ட் வித்தியாசம். இரண்டு பாரில் அது 22 மில்லிசெகண்ட், காது கண்டுகொள்ளாது. எட்டு பாரில் 88. இரண்டு ஸ்னேரும் தனித்தனியாக விழும். அதனால் சோல் மிக்ஸில் கலவை என்பது இரண்டு பார், மிஞ்சினால் நாலு பார். இதை முதலில் ஏற்றுக்கொண்டால் பாதி வேலை குறையும்.

அடுத்தது, ஸ்னேரை வைத்து கிரிட் போடாதீர்கள். 1965-இல் மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' பதிவானபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் ஆடிக் காட்டிய நடனத்தைப் பிடித்துக்கொண்டு ட்ரம்மர் அல் ஜாக்சனும் கிதார் ஸ்டீவ் க்ராப்பரும் இரண்டாம், நான்காம் அடிகளை வேண்டுமென்றே மயிரிழை தாமதமாக வைத்தார்கள். பிறகு வந்த ஸ்டாக்ஸ் தட்டுகள் பலவற்றில் அந்தத் தாமதம் உண்டு. மென்பொருள் எது சத்தமோ அதைப் பிடிக்கும். ஸ்னேரைப் பிடித்தால் கிரிட் மொத்தமும் பின்னால் போய்விடும். பாரின் முதல் அடியில் கிக் விழும் இடம், அது தெளிவாக இல்லாவிட்டால் பேஸ் கிதாரின் நோட் தொடங்கும் இடம். குறியை அங்கே வையுங்கள்.

முழுப் பாட்டுக்கும் கிரிட் தேவையே இல்லை. வெளியேறும் பாட்டின் கடைசி 8 பார், நுழையும் பாட்டின் முதல் 8 பார். அதில் இரண்டு பாருக்கு ஒரு குறி. மென்பொருள் ரெக்கார்ட்பாக்ஸ் என்றால் அனாலிசிஸை டைனமிக் என்று மாற்றிவிட்டு, தவறியதைக் கையால் நகர்த்துங்கள். ஏபிள்டன் என்றால் தானாக வார்ப் (பாட்டை நீட்டிச் சுருக்கிக் கிரிட்டில் பொருத்துவது) செய்வதை அணைத்துவிட்டு நீங்களே மார்க்கர் வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் மார்க்கர் வைத்து நேராக்கினால் பாட்டு விறைத்துப்போகும். இந்தத் தட்டுகளை எதற்காகத் தேடி எடுத்தீர்களோ அதுவே போய்விடும்.

#3 | ஊசிமுனை

> நீங்களே மார்க்கர் வையுங்கள்

வார்ப்பே வேண்டாம் என்பது என் கட்சி. ஏபிள்டனின் காம்ப்ளெக்ஸ் ப்ரோ முறையில் ஸ்னேரின் முனை மழுங்கும், டேம்பரின் 'ஸ்ஸ்' என்று கரையும். மோட்டவுன் (டெட்ராய்ட் ரெக்கார்டு நிறுவனம்) பாட்டில் டேம்பரின் கரைந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? வேகத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ரீ-பிட்ச். தட்டைச் சுழற்றுவது போலவே வேகமும் சுருதியும் சேர்ந்து நகரும், தாக்கம் கெடாது.

ஆனால் அளவு முக்கியம். கிட்டத்தட்ட 6% மாற்றினால் ஒரு செமிடோன் போய்விடும். டர்ன்டேபிளில் ±8% இருக்கிறது என்பதற்காக முழுவதையும் பயன்படுத்த வேண்டியதில்லை. குரலுக்கு ±3%தான் எல்லை. அதைத் தாண்டினால் தெரிந்த பாடகர் வேறு ஆளாகிவிடுவார், குறிப்பாக மெதுவாக்கும்போது. 104 பிபிஎம் பாட்டுக்குப் பக்கத்தில் 101-இல் இருந்து 107 வரை உள்ளவற்றைத் தேடுங்கள். வித்தியாசம் 3% என்றால் ஒன்றை 1.5% ஏற்றி மற்றதை 1.5% இறக்குங்கள். கலவை முடிந்தபின் புதிய பாட்டை 20 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல அதன் சொந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டென்று விட்டால் சுருதி சறுக்குவது அப்பட்டமாகக் கேட்கும்.

#4 | மெம்ஃபிஸ்_தாளம்

ரீ-பிட்ச் விஷயத்தில் சண்டை இல்லை. மார்க்கர் வேண்டும் என்பது பாரை எண்ணுவதற்குத்தான். சில பாட்டுகளில் எதுவுமே செல்லாது. ஓடிஸ் ரெடிங்கின் 1966 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' மெதுவாகத் தொடங்கி, முடியும்போது வெறிகொண்டு ஓடும். அதன் தொடக்க வேகத்துக்கு ஏற்ற பாட்டு முன்னால், முடிவு வேகத்துக்கு ஏற்ற பாட்டு பின்னால். சராசரி பிபிஎம் என்று மென்பொருள் காட்டும் எண் அதில் எங்குமே இல்லாத வேகம்.

#5 | ஃபேடர்_அக்கா

ஃபேட்-அவுட் பற்றி யாரும் பேசவில்லையே.

ஃபேட் தொடங்கிய பிறகு கலக்க ஆரம்பித்தால் தாமதம். வெளியேறும் பாட்டு இறங்கிக்கொண்டிருக்கும், நுழைவது முழுச் சத்தத்தில் வரும், நடுவில் ஒரு குழி விழும். இரண்டு வழி இருக்கிறது. ஃபேட் தொடங்குவதற்கு முந்தைய கடைசி கோரஸின் முடிவிலேயே வெட்டிவிடலாம். இல்லையென்றால் ஃபேடுக்கு எதிராக வால்யூம் ஆட்டோமேஷனை ஏற்றலாம். ஆனால் 6 டெசிபலுக்கு மேல் ஏற்றக்கூடாது. தட்டின் பொரிச்சத்தமும் அதே 6 டெசிபல் ஏறி வரும். 6-ஐத் தொட்டதும் அடுத்த பாட்டு உள்ளே வந்திருக்க வேண்டும்.

நுழைவில் பிரச்சினை வேறு. பல சிங்கிள்களின் இன்ட்ரோ நாலு பார்தான், சிலவற்றில் இரண்டு. அந்த இன்ட்ரோவை இரண்டு முறை ஓட்டி நீளமாக்கலாம். ஒட்டுமிடத்தில் சிம்பலின் வால் திடீரென்று அறுந்தால் காது பிடித்துவிடும். எனவே லூப்பை முதல் பாரில் தொடங்காமல் இரண்டாம் பாரில் இருந்து எடுங்கள், முந்தைய அடியின் அதிர்வு அதில் ஏற்கெனவே கலந்திருக்கும். ஒட்டுமிடத்தில் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போதும்.

எதுவும் ஒத்துவராவிட்டால் வெட்டு. வெளியேறும் பாட்டின் ட்ரம் ஃபில் முடியும் இடத்தில், அடுத்த பாட்டின் முதல் அடி. பத்து மாற்றங்களில் ஏழு வெட்டாக இருந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சோல் டிஜேக்கள் பெரும்பாலும் அப்படித்தான் போட்டார்கள். இங்கிலாந்தின் விகன் கேசினோ நடன அரங்கில் 1973 முதல் 1981 வரை இரவு முழுக்க ஆடியவர்கள் நீண்ட கலவை கேட்டு வரவில்லை.

இரண்டு பேஸ் கிதாரும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் சும்மா ரூட் நோட்டில் நிற்பதில்லை. அதன்மேல் இன்னொரு பேஸ் ஏறினால் சேறுதான். கலவையின் இரண்டு பாரிலும் நுழையும் பாட்டின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அணைத்து வைத்து, மூன்றாம் பாரின் முதல் அடியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

#6 | சுழல்தட்டு

நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். சில ஃபைல்களில் குரல் முழுக்க வலது பக்கம், ட்ரம்ஸ் முழுக்க இடது பக்கம். 45 தட்டில் அதே பாட்டு நடுவில் கெட்டியாக நிற்கிறது. எதை எடுப்பது?

#7 | ஊசிமுனை

யோசிக்கவே வேண்டாம், 45. ஏறத்தாழ 1968 வரை சிங்கிள் என்றால் மோனோ. ரேடியோவுக்கும் ஜூக்பாக்ஸுக்கும் போவது அதுதான் என்பதால் ஸ்டூடியோவில் கவனம் எல்லாம் மோனோ மிக்ஸில். ஸ்டீரியோ எல்பிக்காகப் பின்னால் அவசரமாகச் செய்ததில்தான் இந்த இடம்-வலம் பிரிவினை. அந்த ஸ்டீரியோ ஃபைலை மோனோவாகக் கூட்டினாலும் அதே பாட்டு கிடைக்காது. நடுவில் இருக்கும் கருவிகள் ஓரத்தில் இருப்பவற்றைவிட மேலே வந்து சமநிலை மாறும். சிடித் தொகுப்பு வாங்கும்போது சிங்கிளின் மோனோ மிக்ஸ்தானா என்று அட்டையில் பாருங்கள்.

ஸ்டீரியோவாக 'மின்னணு முறையில் மாற்றப்பட்டது' என்று போட்ட பழைய எல்பிகளைத் தொடவே வேண்டாம். ஒரே மோனோவை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வேறு வேறாக வடிகட்டி, சிலவற்றில் எதிரொலியும் சேர்த்திருப்பார்கள். கூட்டினால் தகரக் குழாய்ச் சத்தம்.

தட்டில் இருந்து எடுக்கும் முறை: ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜிலேயே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல். பிறகு இடதையும் வலதையும் கூட்டிப் பாதியாக்குங்கள். மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவது எல்லாம் தூசியும் தேய்மானமும். கூட்டும்போது அது அடிபட்டுப்போகும். கூட்டும் முன் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டாக்குவதே மேல்.

அமெரிக்க 45-களில் கணிசமானவை வினைல் இல்லை, ஸ்டைரீன். லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தாமல் மேலே ஒட்டிய காகிதமாக இருக்கும். விரல் நகத்தால் தட்டினால் வினைலைவிடக் கூர்மையான சத்தம் வரும். ஸ்டைரீனில் பின்னுக்கு இழுத்துக் க்யூ செய்தால் தொடக்கப் பகுதி வெந்துபோகும், நிரந்தரமாக 'கர்ர்' என்று கேட்கும். கோனிக்கல் ஊசி, 2 கிராம் அளவுக்கு எடை, ஒரே முறை ஓட்டிப் பதிவு. 4 கிராம் வைத்த டிஜே கார்ட்ரிட்ஜ் அதன் பக்கமே போகக்கூடாது. கழுவ வடிநீரும் ஒரு துளி சோப்பும் போதும், ஆல்கஹால் வேண்டாம்.

பொரிச்சத்தத்தை நீக்கும் தானியங்கி வடிகட்டிகள் ட்ரம்பெட்டின் முனையையும் ரிம்ஷாட்டையும் (ட்ரம் விளிம்போடு சேர்த்து அடிப்பது) 'கிளிக்' என்று நினைத்துத் தின்றுவிடும். பெரிய வெடிப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள்.

#8 | பேஸ்லைன்

வரிசையைப் பற்றி. பிபிஎம் ஒன்றாக இருந்தால் பொருந்திவிடும் என்று நினைத்துத்தான் பலரும் கெடுக்கிறார்கள். 1965-66 மோட்டவுன் பாட்டுகள் நிறைய ஸ்னேரை நாலு அடியிலும் வைக்கின்றன. ஸ்டாக்ஸ் இரண்டிலும் நாலிலும் மட்டும், அதுவும் பின்னால் சாய்ந்து. இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தாலும் டெட்ராய்டில் இருந்து மெம்ஃபிஸுக்குப் போனால் வண்டி பிரேக் போட்டது போல இருக்கும். அந்தத் திசையில் போவதானால் அடுத்த பாட்டு 4 முதல் 6 பிபிஎம் கூடுதலாக இருக்கட்டும், மாற்றத்தை வெட்டாக வையுங்கள். மெம்ஃபிஸில் இருந்து டெட்ராய்டுக்குப் போவது தானாகவே ஏற்றம்.

ஃபிலடெல்ஃபியாவுக்குப் பாலம் டெட்ராய்டில்தான் இருக்கிறது. 1973-இல் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் ட்ரம்மர் ஏர்ல் யங் 'த லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் கிக்கை நாலு அடிக்கும் வைத்து ஹைஹேட்டைத் திறந்து மூடினார். டிஸ்கோ அங்கிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். நாலு ஸ்னேரில் இருந்து நாலு கிக்குக்கு மாறும்போது தொய்வே தெரியாது. அல் க்ரீன் பாடிய மெம்ஃபிஸ் ராயல் ஸ்டூடியோ பாட்டுகளை இந்த இரண்டுக்கும் நடுவில் செருகாதீர்கள். அவற்றின் ட்ரம்ஸ் மூடிய, அடங்கிய சத்தம்; பக்கத்தில் மோட்டவுன் வந்தால் சின்ன அறையில் கத்துவது போல ஆகிவிடும். அவற்றை ஒன்றாக, மூன்று பாட்டுத் தொகுப்பாக, ஏ பக்கத்தின் நடுவில் வைத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

#9 | புதுக்காது

சிகாகோ எங்கே? கர்ட்டிஸ் மேஃபீல்ட் இல்லாமல் 1964–73 சோல் டேப்பா?

#10 | பேஸ்லைன்

நியாயம். 'மூவ் ஆன் அப்' 1970 எல்பி வடிவம் எட்டு நிமிடத்துக்கு மேல், பிற்பாதி பாட்டே இல்லாமல் தாளமும் ஹார்னும்தான். மற்றவர்கள் இரண்டு பாரில் திண்டாடும் இடத்தில் இதில் 16 பார் கலக்கலாம். சிங்கிள்தான் வேண்டும் என்ற விதியை இதற்காக மீறலாம்.

#11 | சுழல்தட்டு

கேமலாட் எண் (மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் தரும் குறி) பார்த்துச் சுருதி பொருத்துவது?

#12 | மெம்ஃபிஸ்_தாளம்

எண்ணை நம்பாதீர்கள். நாடா வேகத்தை மாற்றி மாஸ்டர் செய்த தட்டுகள் உண்டு. இரண்டு சுருதிக்கு நடுவில் நிற்கும். மென்பொருள் ஏதோ ஒன்றைக் காட்டும். கலக்கும் இரண்டு பாரில் பேஸ் எந்த நோட்டில் நிற்கிறது என்று பியானோவில் தொட்டுப் பாருங்கள். பேஸை அணைத்து, குரல் இல்லாத இடமாகத் தேர்ந்துவிட்டால் இரண்டு பாருக்குச் சுருதி பெரிய தலைவலி இல்லை.

#13 | ஃபேடர்_அக்கா

சத்த அளவுக்கு வருவோம். உச்சத்தை வைத்து நார்மலைஸ் செய்யாதீர்கள். ஒரே ஒரு ரிம்ஷாட் உச்சத்தைத் தொட்டிருந்தால் பாட்டு மொத்தமும் அடங்கிப்போகும். முதலில் எல்லாவற்றையும் -16 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் சராசரி அளவு) அளவில் வையுங்கள். சிடி ரீமாஸ்டர்கள் சில -9, -10 வரை நசுக்கப்பட்டு வரும். அவற்றை இறக்குங்கள், தட்டில் இருந்து எடுத்ததை அவற்றின் அளவுக்கு ஏற்றாதீர்கள்.

பிறகு முக்கியமானது: மாற்றம் நடக்கும் இடத்தில் மட்டும் ஷார்ட்-டெர்ம் மீட்டரைப் பாருங்கள். அது 3 விநாடிச் சராசரி. வெளியேறும் பாட்டின் கடைசி 3 விநாடியும் நுழையும் பாட்டின் முதல் 3 விநாடியும் 2 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பாட்டு முழுவதன் சராசரி ஒத்துப்போவதால் பயனில்லை. கேட்பவருக்கு உறுத்துவது அந்த ஒட்டுமிடம்தான்.

ஈக்யூவில் ஒன்று. மோட்டவுன் தங்கள் மிக்ஸைச் சின்னக் கார் ரேடியோ ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்து முடிவு செய்தவர்கள். அதனால் நடுப்பகுதி தூக்கலாகவும் அடி மெலிவாகவும் இருக்கும். ஃபிலடெல்ஃபியா பாட்டின் பக்கத்தில் வரும்போது 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஷெல்ஃபில் 2 டெசிபல் ஏற்றி, 3 கிலோஹெர்ட்ஸில் 2 இறக்கினால் போதும். இதற்கு மேல் போனால் ஜேமர்சனின் பேஸ் உப்பிப் பூசணிக்காய் ஆகிவிடும்.

தட்டும் ஃபைலும் மாறும் இடங்களில் பொரிச்சத்தம் திடீரென்று நிற்பது உறுத்தும். தட்டின் கடைசிப் பள்ளச் சத்தத்தை 2 விநாடி அடுத்த பாட்டின் அடியில் ஓட விட்டு மெதுவாகக் கரையுங்கள்.

#14 | நாடாக்காரன்

கேசட் பகுதி என்னுடையது.

சராசரி 2:50 நிமிடப் பாட்டு 16. ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு பாட்டும் 4 விநாடி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் பக்கத்துக்கு 44:20. பதினேழாவது பாட்டைச் சேர்த்தால் 47 தாண்டிவிடும். சி-120-க்கு ஆசைப்படாதீர்கள். அதன் நாடா ஏறத்தாழ 9 மைக்ரான். சி-90-இன் 12 மைக்ரானே மெலிசுதான். இழுபடும், ரோலரில் சுற்றும்.

பதிவுக்கு முன் நாடாவை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டி இழுவையைச் சமமாக்குங்கள். ஹெட்டையும் பிஞ்ச் ரோலர் பக்கத்துக் கேப்ஸ்டனையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தொடக்கத்தில் காந்தப் பூச்சு இல்லாத லீடர் சில விநாடி ஓடும். அதைக் கையால் தாண்டி நிறுத்திவிட்டுப் பதிவை அழுத்துங்கள். முதல் பாட்டின் இன்ட்ரோ காணாமல் போவது இதனால்தான்.

லெவல்: கேசட்டில் உச்ச ஸ்தாயி முதலில் நிரம்பிவிடும். டேம்பரினும் பித்தளைக் கருவிகளும் நிறைந்த டெட்ராய்ட் பாட்டை வைத்து லெவல் அமையுங்கள், அல் க்ரீனை வைத்து அல்ல. சாதாரண ஃபெர்ரிக் நாடாவில் மீட்டர் 0-வைச் சுற்றி, எப்போதாவது +3. டேம்பரின் 'ஷ்' என்று சிதறினால் 2 டெசிபல் இறக்குங்கள். கேட்கப்போகும் டெக் எது என்று தெரியாவிட்டால் டால்பியை (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்; டால்பி போட்டுப் பதிந்து அது இல்லாமல் கேட்டால் கீச்சென்று இருக்கும்.

#15 | புதுக்காது

இதை நெட்டில் ஏற்றலாமா? 60 வருடப் பழைய பாட்டுதானே?

#16 | பேஸ்லைன்

இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அது பதிவுக்கு மட்டும். பாட்டையும் மெட்டையும் எழுதியவர்களின் உரிமை அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை. அமெரிக்காவில் 2018 சட்டப்படி, 1957-இல் இருந்து 1972 பிப்ரவரி 15-க்கு முன்பு வரை வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை காப்பு. யூடியூபில் போட்டால் தானியங்கி அடையாளம் பிடிக்கும். டிஜே மிக்ஸுக்கென்று உரிமையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் மிக்ஸ்கிளவுட் போன்ற இடம்தான் வழி.

#17 | சுழல்தட்டு

இப்போதைய நிலை: ஏ பக்கம் 16 பாட்டு, 44:15. பி பக்கம் ஃபிலடெல்ஃபியா நீளப் பாட்டுகளால் 13 பாட்டு, 44:50, முடிவில் ஒரு 12/8 பாலட் (மெதுவான பாட்டு). அந்தப் பாலட் 60 பிபிஎம், ஆனால் மென்பொருள் 90 என்கிறது. அதற்கு முன்னால் உள்ளது நேர் 4/4.

#18 | மெம்ஃபிஸ்_தாளம்

ஓர் அடிக்கு மூன்று சிற்றடி, நிமிடத்துக்கு 180. மென்பொருள் அதை இரண்டிரண்டாகக் கட்டுகிறது, அதனால் 90. இதை உங்களுக்குச் சாதகமாக்கலாம். முன்னால் உள்ள 4/4 பாட்டு 90-க்குப் பக்கத்தில் இருந்தால், அதன் கடைசி மூன்று பாரும் பாலடின் முதல் இரண்டு பாரும் ஒரே நீளம். ஹைஹேட் மட்டும் ஓடும் இடமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். 90-இல் இல்லை என்றால் முயலாதீர்கள். முன் பாட்டை முழுக்க அடங்க விட்டு, ஒரு விநாடி அமைதிக்குப் பின் பாலடைத் தொடங்குங்கள்.

#19 | நாடாக்காரன்

44:50 ஆபத்து. டெக் 1% வேகமாக ஓடினால் பக்கத்துக்கு 27 விநாடி நாடா போய்விடும், பாலடின் ஃபேட் நடுவில் அறுந்துவிடும். அந்த வெற்று நாடாவை உங்கள் டெக்கில் முழுக்க ஓட்டி, ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். 45:40 வந்தால் அப்படியே விடுங்கள். 45:20-க்குக் கீழே வந்தால் ஃபிலடெல்ஃபியா பாட்டு ஒன்றில் ஸ்ட்ரிங்ஸ் இடைவெளியை 8 பார் வெட்டுங்கள், 120 பிபிஎம்மில் 16 விநாடி மிச்சமாகும். அதோடு ஏ பக்கத்தின் முடிவில் மீதமிருக்கும் நாடாவில் வெறும் நிசப்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பழைய நாடாவாக இருந்தால் முந்தைய பதிவு அங்கே எட்டிப்பார்க்கும்.